பக்கத்து வீட்டு அக்காவின் பெயர்

தேயிலைத் தோட்டம்,
கேமரன் மலை.
9 மார்ச் 2025

அன்பு மகள் பூவிழிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நல்லபடியாக இருக்கிறேன். கோலாலம்பூர் வெயில் உனக்கு ஒத்துக்கொண்டதா, விடுதிச் சாப்பாடு வயிற்றைக் கெடுக்காமல் இருக்கிறதா என்று அதே யோசனையாக இருக்கிறது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். என் போன் கீழே விழுந்து திரை உடைந்துவிட்டது. அதோடு, மழையில் மண் சரிந்ததிலிருந்து நம் வீட்டுப் பக்கம் லைன் கிடைப்பதில்லை. பேசினால் பாதிதான் கேட்கிறது. கடிதம் என்றால் நீ உட்கார்ந்து படிப்பாய். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கடிதம் எழுதுவதற்கு நான் பரிசு வாங்கியிருக்கிறேன், அது உனக்குத் தெரியாது.

தொழிற்சாலையில் சலிக்கும் பகுதியில் தமிழ்ப் பெண்கள் இப்போது இரண்டே பேர்தான். மற்றவர்கள் எல்லாம் வங்காளதேசத்துப் பையன்கள். நல்ல பிள்ளைகள். பாரம் தூக்க விடுவதில்லை, "காக்கா, தள்ளுங்க" என்று மலாயில் அக்கா முறை வைத்துச் சொல்லித் தாங்களே தூக்கிக்கொள்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்கா உன்னைக் கேட்டார். இப்போது ஐந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். தாய்மார்கள் கொழுந்து எடுக்கப் போனதும் அந்த வீட்டில் ஒரே கூச்சல்தான். உன் அப்பா போன பிறகு அந்தச் சத்தம் இருப்பதால்தான் விடுமுறை நாளில் எனக்கு வீடு வீடாக இருக்கிறது.

குளிர் இந்த வருஷம் அதிகம். டிசம்பரில் நீ விட்டுவிட்டுப் போன ஊதா ஸ்வெட்டரைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். கொஞ்சம் இறுக்கம், ஆனாலும் சூடாக இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் அம்மா,
மணியம்மா


கோலாலம்பூர்
20 மார்ச் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

பூவிழியின் வணக்கம். நான் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விடுதி அலுவலகத்தில் என் பெயரைக் கூப்பிட்டபோது ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று பயந்து போனேன். போய்ப் பார்த்தால் உங்கள் கடிதம். என் அறைத்தோழி ஃபாத்தின் உறையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டாள். அவளுக்குக் கடிதமே வந்ததில்லையாம்.

ஆனால் அம்மா, நான் கூப்பிடும்போது மணி அடிக்கிறது. நீங்கள்தான் எடுப்பதில்லை. திரை உடைந்தாலும் பச்சைப் பொத்தான் வேலை செய்யுமே. என் மேல் ஏதாவது வருத்தமா?

படிப்பு நன்றாகப் போகிறது. இந்தத் தவணையில் எக்ஸ்ரே அறையில் நேரடியாக நின்று வேலை பழகுகிறோம். நோயாளியிடம் "மூச்ச இழுங்க, பிடிங்க, இப்ப விடுங்க" என்று சொல்வதற்கே எனக்கு முதல் நாள் நாக்கு குழறிவிட்டது.

அந்த ஸ்வெட்டரைப் போடாதீர்கள். பழசு. தானா ராத்தா டவுனில் வேறு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். போட்டே ஆகவேண்டும் என்றால் துவைத்துவிட்டுப் போடுங்கள். பையில் குப்பை ஏதாவது கிடந்தால் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

அம்மாக்கண்ணு பெரியம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
பூவிழி


தேயிலைத் தோட்டம்,
கேமரன் மலை.
13 ஏப்ரல் 2025

என் கண்ணு பூவிழிக்கு,

அம்மாவின் ஆசிகள். பதில் எழுத நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. நாளை சித்திரைப் பிறப்பு. கோயிலில் பொங்கல் வைக்கிறார்கள்.

ஸ்வெட்டரைத் துவைத்துவிட்டேன். பையில் கசங்கிய பஸ் டிக்கெட் ஒன்றுதான் இருந்தது. எறிந்துவிட்டேன்.

உன் மேல் எனக்கு என்ன வருத்தம்? போன் சரியில்லை, அவ்வளவுதான்.

எனக்குக் கொஞ்சம் இருமல். தோட்டத்துக் கிளினிக்கில் காட்டினேன். சலிக்கும் பகுதியில் தேயிலைத் தூசி பறக்கும், அதனால் இருக்கும் என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்கிறேன். அம்மாக்கண்ணு அக்கா தினமும் மிளகு ரசம் கொண்டுவந்து தருகிறார். குடித்து முடிக்கும் வரை வாசலில் நிற்கிறார், நான் ஊற்றிவிடுவேன் என்று சந்தேகம்.

சனிக்கிழமை பிரிஞ்சாங் பாசார் மாலாமுக்குப் போனேன். இரவுச் சந்தையில் காய்கறி மலிவாக இருந்தது.

நீ நன்றாகப் படி. இங்கே கவலைப்பட ஒன்றும் இல்லை.

உன் அம்மா


கோலாலம்பூர்
21 ஏப்ரல் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். புத்தாண்டு வாழ்த்துகள். இருமல் எப்படி இருக்கிறது? அதைத்தான் முதலில் எழுதவேண்டும் நீங்கள்.

எத்தனை நாளாக இருமல் என்று எழுதவில்லை. காய்ச்சல் இருக்கிறதா? மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறதா? தூசிதான் காரணம் என்றால் விடுமுறை நாளில் குறையவேண்டும். குறைகிறதா என்று கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுங்கள்.

எங்களுக்கு இப்போது நெஞ்சுப் படம் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள். காற்று இருக்கும் இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். அதனால் நுரையீரல் கறுப்பாக இருக்கவேண்டும். வெள்ளை தெரிந்தால் காற்று இருக்கவேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். சளியாக இருக்கலாம், நீராக இருக்கலாம், புண்ணாக இருக்கலாம். படம் பார்த்து மட்டும் எது என்று சொல்லிவிட முடியாது.

போன வாரம் ஒரு பையனின் படத்தைக் காட்டினார்கள். என்னைவிட ஒரு வயதுதான் கூட. அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

ஸ்வெட்டர் பையில் டிக்கெட் மட்டும்தானா இருந்தது?

உடனே பதில் போடுங்கள்.

பூவிழி


தானா ராத்தா
18 மே 2025

அன்பு மகளுக்கு,

அம்மா இப்போது தேறிவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீ சொன்னபடி எக்ஸ்ரே எடுத்தேன். படத்தில் இரண்டு பக்கமும் வெள்ளையாக இருந்ததாம். உடம்பும் இளைத்திருந்தது, காய்ச்சலும் விட்டுவிட்டு வந்தது. அதனால் டிபியாக இருக்குமோ என்று என்னைத் தனி அறையில் வைத்தார்கள். காலையில் எழுந்ததும் சளி எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். உள்ளே வருகிற எல்லோரும் முகமூடி போட்டிருந்தார்கள். ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது.

சிகரெட் பிடிப்பீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். அது உண்மைதானே.

பிறகு நர்ஸ் மிஸி வந்து, தெரிந்தவர்கள் யாருக்காவது டிபி இருந்ததா என்று கேட்டார். பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்காவுக்கு முன்பு வந்திருந்தது என்று சொன்னேன். அதுவும் உண்மைதான். நீ அப்போது சின்னப் பிள்ளை. ஆபீஸ் கணக்குப் பார்க்கும் எங்கள் கிராணி ஆண்டியப்பன் என்னைப் பார்க்க வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று, "எங்கேர்ந்து வந்திச்சு இது உனக்கு?" என்று கேட்டார். அவரிடமும் அதையே சொன்னேன்.

சளியில் டிபி கிருமி இல்லை என்று வந்துவிட்டது. நெஞ்சில் சளி கட்டியிருக்கும் என்று மாத்திரை கொடுத்து இன்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன்.

உனக்குப் பரீட்சை நெருங்குகிறது. வரவேண்டாம்.

அம்மா


கோலாலம்பூர்
25 மே 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாத்திரை கேட்கிறதா? காய்ச்சல் நின்றதா?

அம்மா, நான் ஒன்று சொல்லவேண்டும். ஐந்து மாதமாகச் சொல்லாமல் இருக்கிறேன்.

அந்த ஸ்வெட்டர் பையில் ஒரு வேப் இருந்தது, மின்சார சிகரெட். விரல் நீளத்தில், இளஞ்சிவப்பு நிறத்தில், பழ மிட்டாய் மாதிரி. அது என்னுடையது. இங்கே வந்த முதல் வருஷம், இரவுப் பாடம் படிக்கும்போது தோழிகள் கொடுத்து ஆரம்பித்தது. நீராவிதான், ஒன்றும் செய்யாது என்றார்கள். விடுமுறைக்கு வந்தபோது குளியலறையில் இழுத்தேன். என் மேல் லைச்சிப் பழ வாசனை அடிக்கிறது, புது ஷாம்பூவா என்று நீங்கள் கேட்டீர்கள். ஆமாம் என்றேன்.

நீங்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தானே போனில் பேசுவதில்லை? திட்டினால்கூடப் பரவாயில்லை அம்மா. டிக்கெட் இருந்தது என்று எழுதினீர்களே, அதுதான் எனக்கு அடி மாதிரி இருந்தது.

போன தடவை எழுதாமல் விட்ட அந்தப் பையனின் படம் இதனால்தான். காய்ச்சல், இருமல் என்று வந்திருக்கிறான். நிமோனியா என்று நினைத்திருக்கிறார்கள். நுரையீரல் முழுக்க வெள்ளை. காரணம் வேப். கிருமியே இல்லை. வகுப்பில் எல்லோரும் குறிப்பு எழுதினார்கள். நான் பேனாவை எடுக்கவில்லை. அன்றோடு விட்டுவிட்டேன்.

எக்ஸ்ரே எடுக்கப் படிக்கிறவள் இதைச் செய்தாள் என்று நினைக்கவே வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

பூவிழி


ஈப்போ
15 ஜூன் 2025

என் மகள் பூவிழிக்கு,

இதை ஈப்போ ஆஸ்பத்திரியில் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதறாதே. ஆபத்துக் கட்டம் தாண்டியாயிற்று. இரண்டொரு நாளில் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

மாத்திரை எதுவும் கேட்கவில்லை. வேலை முடிந்து வரும்போது மேட்டில் ஏற முடியாமல் தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். வங்காளதேசத்துப் பையன்கள்தான் தோட்டத்துக் கிளினிக்குக்குத் தூக்கிப் போனார்கள். விரலில் ஒரு கவ்வியை மாட்டிப் பார்த்ததும் ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். மூக்கில் காற்றுக் குழாயோடு மலையை விட்டு இறங்கினேன்.

இங்கே சிடி ஸ்கேன் எடுத்தார்கள். குளிர் நாளில் நம் ஜன்னல் கண்ணாடி மங்கியிருக்குமே, நுரையீரல் அப்படி இருக்கிறது என்றார்கள். ரத்தம், சளி எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, உள்ளே கழுவி, அந்தத் தண்ணீரை எடுத்துச் சோதித்தார்கள். டாக்டர் தமிழ்ப் பிள்ளை, சின்ன வயது. வீட்டில் யாராவது வேப் இழுக்கிறார்களா என்று தினம் கேட்டாள். இல்லை என்று தினம் சொன்னேன்.

போன வியாழக்கிழமை அம்மாக்கண்ணு அக்கா பஸ் மாறி மாறி இவ்வளவு தூரம் வந்தார். கஞ்சி கொண்டுவந்திருந்தார். உன் கடிதத்தையும் பிரிக்காமல் கொண்டுவந்தார். அவ்வளவு தூரம் ஏன் அக்கா என்று கேட்டேன்.

"பிள்ளைங்கள யாரும் கொண்டாந்து விடறதில்ல மணி. சும்மாதானே இருக்கேன், அதான் வந்தேன்" என்றார். "எனக்கு டிபி இருக்குன்னு யாரோ சொல்லிட்டாங்க. அது வந்து எத்தினி வருசம் ஆச்சு. மருந்த முழுசா சாப்பிட்டு முடிச்சவ நான். டாக்டரே சுத்தமாயிட்டுதுன்னு எழுதிக் கொடுத்தாரு. யாரு சொன்னாங்களோ, தெரியல."

சொல்லிக்கொண்டே எனக்குத் தலை வாரிவிட்டார்.

பிறகு உன் கடிதத்தைக் கையில் கொடுத்து, "பிள்ள எழுதிருக்கு, படி" என்றார். அவர் எதிரிலேயே படித்தேன். "என்னவாம்?" என்று கேட்டார். நலம் விசாரித்திருக்கிறாள் என்றேன்.

பூவிழி, அந்த வேப்பை நான் டிசம்பரிலேயே பார்த்துவிட்டேன். கோபம் வந்தது. எறியத்தான் எடுத்தேன். ஆனால் அதில் நீ விடுமுறைக்கு வந்திருந்தபோது உன் மேல் அடித்த வாசனை இருந்தது. நீ போய் வீடு வெறிச்சென்று கிடந்தது. என் பிள்ளை எதைத்தான் இழுக்கிறாள், பார்ப்போம் என்று வாயில் வைத்தேன். இருமினேன். மறுநாளும் வைத்தேன். வேலை முடிந்து வந்ததும் கை தானாகப் பையைத் தேடியது. அது தீர்ந்ததும் விட்டிருக்கவேண்டும். பிரிஞ்சாங் பாசார் மாலாமில் ஒரு பையனிடம் லைச்சி வாசனை இருக்கிறதா என்று கேட்டு வாங்கினேன். "ஆன்ட்டிக்கா?" என்று சிரித்தான். என் மகனுக்கு என்றேன். இல்லாத மகனுக்கு ஐந்து மாதம் வாங்கினேன். கடைசியாக வாங்கினதில் பெயர்கூட ஒட்டியிருக்கவில்லை.

போன் உடையவில்லை. பேசினால் என் மூச்சு இரைப்பதை நீ கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் எடுக்கவில்லை. உன் மேல் கோபம் என்று நீ நினைத்தாய். கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

அக்கா போன பிறகு அந்த டாக்டர் வந்தாள். திரையை இழுத்து மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, டிபி இல்ல. வேற கிருமியும் இல்ல. கழுவி எடுத்த தண்ணியில கொழுப்பு உள்ள செல்லுங்க இருக்கு, ஆனா அத மட்டும் வச்சு சொல்ல முடியாது. நான் நினைக்கிறதுக்குன்னு தனியா ஒரு டெஸ்ட் கிடையாது. மத்ததெல்லாம் இல்லன்னு பார்த்துட்டு, நீங்க சொல்றத வச்சுதான் முடிவு பண்ணணும். நான் திட்ட மாட்டேன்லா. சொல்லுங்க."

ஆமாம் என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. அவள் நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டாள். கடைசியாக இழுத்தது எப்போது, என்ன வகை, எங்கே வாங்கியது என்று கேட்டாள். முதலில் யாருடையது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வீக்கம் குறைக்கும் மருந்து கொடுத்தார்கள். சீக்கிரமே மூச்சு இலகுவானது. முதல் நாளே சொல்லியிருந்தால் கழுவி எடுக்க வேண்டியிருந்திருக்காது என்று மட்டும் சொன்னாள்.

நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். உனக்கு மன்னிப்பு எழுதும் கையாக இது இல்லை.

அம்மா


கோலாலம்பூர்
6 ஜூலை 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்களைப் பார்த்துவிட்டு நேற்று விடுதிக்கு வந்து சேர்ந்தேன். மருந்தைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். டாக்டர் எழுதிக்கொடுத்தபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேண்டும். மறு எக்ஸ்ரே தேதியைக் காலண்டரில் வட்டமிட்டிருக்கிறேன்.

நான் வீட்டில் இருந்த நாட்களில் நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் சமைத்தீர்கள், நான் துணி மடித்தேன். என் சாமான் என்னிடமிருந்து உங்கள் நெஞ்சுக்குள் போய்விட்டது. அதை எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது.

ஆனால் வேறு ஒன்று இருக்கிறது. நான் வந்த அன்று பெரியம்மா ரசம் கொண்டுவந்தார். வாசலிலேயே வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். உள்ளே வாங்க என்று கூப்பிட்டேன். "வேணாம்மா. என்கிட்டேர்ந்துதான் அவளுக்கு ஒட்டிக்கிச்சோ என்னவோ. நான் போயி படம் எடுத்தேன், ஒண்ணுமில்லன்னாங்க. இன்னொருக்க எடுக்கச் சொல்லிக் கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

நீங்கள் அடுப்படியில் இருந்தீர்கள். கேட்டது உங்களுக்கு. எனக்குத் தெரியும்.

என்னை மன்னிப்பது அப்புறம் இருக்கட்டும். நீங்கள் அவரிடம் சொல்லவேண்டும் அம்மா.

பூவிழி


தேயிலைத் தோட்டம்,
கேமரன் மலை.
3 ஆகஸ்ட் 2025

பூவிழிக்கு,

நலம். மறு எக்ஸ்ரேயில் வெள்ளை பாதிக்கு மேல் குறைந்துவிட்டதாம். மேட்டில் ஒரு தடவை நின்றால் போதும், ஏறிவிடுகிறேன். வேலையில் லேசான பகுதிக்கு மாற்றிவிட்டார்கள்.

நீ சொன்னதை மறக்கவில்லை. அக்கா வீட்டுக்குப் போனேன். பாத்திரங்களை எல்லாம் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். சுங்கை சிப்புட்டில் தம்பி சிங்காரம் வீட்டுக்கே போய்விடலாம் என்று யோசிக்கிறாராம். "இங்க இருந்து யாருக்கு என்ன ஆவப்போவுது" என்றார். நான் பெட்டிக்குக் கயிறு பிடித்துக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

வாய் வரவில்லை.

அம்மா


கோலாலம்பூர்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

எக்ஸ்ரே செய்தி கேட்டு நிம்மதி. குளிரில் நெஞ்சை மூடிக்கொள்ளுங்கள்.

நான் என் ஆசிரியையிடம் சொல்லிவிட்டேன். குழாயில் வேகமாக ஊதும் சோதனைக்கு அனுப்பினார். இப்போதைக்குக் குறை ஒன்றும் இல்லையாம். இப்போதைக்கு என்ற சொல்லை அவர் இரண்டு தடவை சொன்னார். ஃபாத்தினிடமும் சொன்னேன். விடுதியில் சோதனை போட்டபோது அவள் அலமாரியில் அவள் துணிக்கு நடுவேதான் நான் அதை ஒளித்து வைத்திருந்தேன். பிடிபட்டிருந்தால் அவள் பெயர் போயிருக்கும். இன்று வரை அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சொன்னதால் எனக்கு ஆறுதல் ஒன்றும் கிடைத்துவிடவில்லை அம்மா. ஆனால் அவளுக்குத் தெரியவேண்டியது தெரிந்துவிட்டது.

தீபாவளிக்கு வரும்போதும் பெரியம்மாவுக்குத் தெரியாமல் இருந்தால் நான் சொல்வேன். அது யாருடைய வேப் என்பதிலிருந்து தொடங்கிச் சொல்வேன்.

பூவிழி


தேயிலைத் தோட்டம்,
கேமரன் மலை.
7 செப்டம்பர் 2025

அன்பு மகள் பூவிழிக்கு,

நீ நலமாக இருக்க முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு மருந்து முடிந்துவிட்டது. இரவில் மூச்சுத் தடையில்லாமல் தூங்குகிறேன்.

அக்காவிடம் சொல்லிவிட்டேன். உன் கடிதம் வந்தும் இரண்டு வாரம் ஓட்டினேன். போன ஞாயிற்றுக்கிழமை லாரி பேச ஆள் வந்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு தள்ளிப்போட முடியவில்லை. கட்டிவைத்த பெட்டி மேல் உட்கார்ந்துதான் சொன்னேன். நான் வேப் இழுத்தேன், அதனால்தான் எனக்கு நோய், மிஸியிடமும் கிராணியிடமும் உங்கள் பெயரைச் சொன்னது நான்தான் என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கேட்டார்.

"என் பேர எதுக்கு மணி சொன்ன?"

"கேட்டாங்கக்கா. என்ன சொல்றதுன்னு தெரியாம, வாயில வந்திச்சு."

"வாயில வேற ஒண்ணும் இருந்திச்சே. அதச் சொல்லிருக்கலாம்லா."

நான் காலைத் தொடப் போனேன். காலை இழுத்துக்கொண்டார். "என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? நான் ஈப்போவுக்குக் கஞ்சி தூக்கிட்டு வந்தேனே, அப்ப நீ சொல்லலயே. போ. பிள்ளைங்களோட அம்மாங்கிட்ட போயி சொல்லு."

போனேன் பூவிழி. அன்று மாலையே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஒரே விஷயத்தைச் சொன்னேன். முதல் வீட்டில் சிரித்தார்கள், நான் விளையாடுகிறேன் என்று. அடுத்த வீட்டில் என் முன்னாலேயே கதவைச் சாத்தினார்கள். கிராணி ஆண்டியப்பன் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து கேட்டார். "இந்த வயசில, ஒரு பொம்பள, உனக்கு எதுக்கு இது?" "அக்காவுக்கு ஒண்ணும் இல்ல, நீங்க அதை எல்லார்ட்டயும் சொல்லணும்" என்று மட்டும் சொன்னேன். முதலில் எப்படிக் கிடைத்தது என்று சிலர் கேட்டார்கள். பாசார் மாலாமில் வாங்கினேன் என்றேன். அது பொய் இல்லை. அதற்கு மேல் அவர்களுக்குத் தெரியவேண்டியதில்லை, நீயும் தீபாவளிக்கு வந்து அதைச் சொல்லவேண்டியதில்லை.

கடைசியாக சசிதரன் வீடு. வெளிக்காட்டில் கொழுந்து எடுக்கும் வேலையை மேற்பார்வை பார்க்கிறானே, அவன். அவன் இல்லை. அவன் மனைவி லோகேஸ்வரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். நான் படி இறங்கிய பிறகு பின்னாலேயே வந்து, துணி காயும் கொடிக்குப் பக்கத்தில் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, எனக்கும் இருமல் இருக்கு. ரெண்டு மாசமா. எங்க போயி காட்டணும்?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கீழே பார்த்துக்கொண்டாள். பூவிழி, இருபத்தைந்து வயது இருக்குமா அவளுக்கு?

புதன்கிழமை காலை அவளைக் கூட்டிக்கொண்டு தானா ராத்தா போனேன். புருஷனிடம் காது வலி என்று சொல்லியிருந்தாள். குழந்தையை யாரிடம் விடுவது என்று வழியில் நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்த உரிமை இல்லை. அவளே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அம்மாக்கண்ணு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள். அக்கா வந்து பார்த்தார். குழந்தையை வாங்கிக்கொண்டார். "பால் குடிச்சானா?" என்று அவளைக் கேட்டார். என் பக்கம் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைப் பார்த்து, சிகரெட் பிடிப்பீர்களா என்று மலாயில் கேட்டார். இல்லை என்றாள். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் அவளுக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் கேட்ட அதே கேள்வி, நான் சொன்ன அதே பதில். இருந்தாலும் நான் சொல்லவில்லை, அவள் சொல்லவேண்டும். காதில் கருவி மாட்டி முதுகில் வைத்துக் கேட்கும்போது, அவள் சுவரைப் பார்த்தபடி, "டாக்டர், வேப்" என்றாள். அவர் கருவியைக் கழற்றிவிட்டு, நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அவளுக்கு எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் இல்லை. திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். விட உதவி செய்யும் பிரிவுக்கும் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். சசிதரனிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். கூட வேண்டுமானால் வந்து நிற்கிறேன் என்றேன்.

அக்கா இன்னும் என்னோடு பேசவில்லை. ரசமும் வருவதில்லை. வாசலில் நேருக்கு நேர் பார்த்தால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார். அது சரிதான். லாரிக்காரனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதாக லோகேஸ்வரி சொன்னாள். நேற்று வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன், அவர் வாசலில் மூன்று ஜோடி சின்னச் செருப்பு கிடந்தது.

அடுத்த மாதம் நீ வரும்போது முதலில் அவர் வீட்டுக்குப் போ. என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் பேசிவைக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா,
மணியம்மா